பலூன்காரர் இறங்காத ஊர்

உக்காருங்க தம்பி. இந்தப் பக்கம் வெயில் அடிக்காது. அந்தப் பையை நான் மடியில வச்சுக்கிறேன். உள்ள பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு துண்டு, ஒரு நோட்டு, ஒரு தண்ணி பாட்டில். பாட்டில் நான் வச்சதில்ல, என் வீட்டுக்காரி வச்சது. வேணாம்னு எடுத்து அடுப்படி மேடையில வச்சிட்டு செருப்பு மாட்டப் போறேன், திரும்பிப் பாத்தா மறுபடி பைக்குள்ள இருக்கு. புதுக்கோட்டையிலேருந்து பொன்னமராவதி போறதுக்குள்ள ஒரு மனுசனுக்கு எவ்வளவு தாகம் எடுக்கும்? ஒண்ணரை லிட்டர் தம்பி. தூக்கிப் பாருங்க.

நீங்க எதுவரைக்கும்? பொன்னமராவதியா. மாமனார் வீடா? அட, புது மாப்பிள்ளை. நாலு மாசம்தான் ஆகுதா. அப்ப உங்க வீட்ல இன்னும் உங்களைத் திருத்த ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க. ஆரம்பிப்பாங்க. அவசரப்படாதீங்க.

நானும் பொன்னமராவதிதான். அங்க ஒரு வேலை இருக்கு.

என்ன அப்படிப் பாக்குறீங்க? எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? இருக்கும் இருக்கும். இந்த மாவட்டத்துல முப்பது வயசுக்குக் கீழ உள்ளவங்க பாதிப் பேருக்கு என் மூஞ்சி தெரியும். நீங்க ஸ்கூல் படிக்கிறப்போ ஒருத்தர் ஜீப்புல வந்து, மைக் கட்டி, பலூன் விட்டு, உலகம் எப்படிப் பொறந்துச்சுன்னு பேசினாரா? அது நான்தான்! பலூன்காரர் அடைக்கலம். நீங்க அப்ப எந்த கிளாஸ்? அஞ்சாங் கிளாஸா? நூலைப் பிடிச்சீங்களா? பிடிச்சீங்களா! என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?

சொல்லுங்க. சும்மா சொல்லுங்க.

பாத்தீங்களா. பாத்தீங்களா! "உன் கையில இருக்கறது உலகம் பொறந்த மூணாவது நிமிஷம்." ஒரு வார்த்தை மாறல. பதினாறு வருஷம் ஆச்சு தம்பி. அஞ்சாங் கிளாஸ்ல வேற என்ன ஞாபகம் இருக்கு உங்களுக்கு? வாய்ப்பாடு ஞாபகம் இருக்கா? இல்லைல்ல. ஆனா இது இருக்கு. இதை எங்க வீட்டுக்காரி காதுல விழற மாதிரி நீங்க ஒரு தடவை சொல்லணும். ம், வேணாம். வேணாம், அவ காதுல விழக் கூடாது.

நான் வாத்தியார்னு நினைச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. நான் மின்வாரியத்துல போர்மேன். கம்பத்துல ஏறி இறங்கின ஆளு. படிச்சது எட்டு, அப்புறம் பிரைவேட்டா எழுதிப் பத்து. எட்டுல ஏன் நின்னேன் தெரியுமா? ஒரு கேள்வி கேட்டேன். ஞானப்பிரகாசம்னு ஒரு சயின்ஸ் வாத்தியார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில ரெண்டு பேனா, ஒண்ணு சிவப்பு. தங்கம் ஒரு தனிமம், அதை யாராலயும் செய்ய முடியாதுன்னு போர்டுல எழுதினாரு. நான் எந்திரிச்சு, யாராலயும் செய்ய முடியாதுன்னா முதல்ல அது எப்படி சார் வந்துச்சுன்னு கேட்டேன். நல்ல கேள்வியா இல்லையா, நீங்களே சொல்லுங்க. அவரு என்ன சொன்னாரு? "முதல்ல கூட்டல் கழித்தலை ஒழுங்காப் போடு. உக்காருடா." கிளாஸே சிரிச்சுது. நான் உக்காந்தேன். அப்புறம் ஸ்கூலுக்கே போகல. எங்கப்பா அடிச்சாரு, போகல.

நாப்பத்தி ரெண்டு வயசுல எங்க அறிவியல் மன்றத்துல சேர்ந்தேன் தம்பி. சேர்ந்த அன்னைக்கே சொன்னேன், இந்த ஜில்லாவுல ஒரு பிள்ளை கேள்வி கேட்டுட்டு வாயை மூடி உக்காரக் கூடாது, அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்னு. கை தட்டினாங்க. அப்ப ஆரம்பிச்ச பேச்சு, பத்தொன்பது வருஷம்.

என்ன பேச்சுங்கிறீங்க? நீங்கதான் கேட்டிருக்கீங்களே. சின்னப் பிள்ளையில கேட்டது. இப்பக் கேளுங்க. உலகம்னா இந்த பூமி மட்டும் இல்ல, மொத்தமும். சூரியன், நட்சத்திரம், இடம், நேரம் எல்லாம் சேர்த்து. அது ஒரு காலத்துல கடுகளவுகூட இல்லாம ஒடுங்கி இருந்துச்சு. சொல்ல முடியாத சூடு. விரிய ஆரம்பிச்சுது. வெடிச்சுதுன்னு சொல்லுவாங்க, நான் சொல்ல மாட்டேன். வெடிக்கிறதுன்னா வெளிய ஒரு இடம் வேணும்ல? இடமே அப்பத்தான் உண்டாகுது. விரிஞ்சுது, விரிய விரிய ஆறுச்சு. மூணு நிமிஷம், நாலு நிமிஷம் கழிச்சுப் பாத்தா ரெண்டே ரெண்டு சரக்குதான் பெருசாத் தேறுச்சு. ஹைட்ரஜன், ஹீலியம். கூட மருந்துக்குக் கொஞ்சம் லித்தியம். அவ்வளவுதான் கடை. இரும்பு கிடையாது, கரி கிடையாது, உப்பு கிடையாது. நீங்க பிடிச்சிருக்கீங்களே இந்தக் கம்பி, இந்த இரும்பு நட்சத்திரத்துக்குள்ள வெந்தது. விரல்ல மோதிரம், மாமனார் போட்டதா? அந்தத் தங்கத்துல முக்காவாசி, செத்த நட்சத்திரம் ரெண்டு ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிட்டப்போ உண்டானதுன்னு சொல்றாங்க. ஞானப்பிரகாசம் சாருக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு முப்பது வருஷம் ஆச்சு.

இவ்வளவும் பேசி முடிச்சதும் பலூனை எடுப்பேன். சிவப்பு பலூன். புஷ்பம் நூல் கட்டித் தருவா. புஷ்பவல்லி, என் வீட்டுக்காரி. "இதுக்குள்ள இருக்கற ஹீலியம் நட்சத்திரத்துக்கும் மூத்தது. ஆயிரத்து முன்னூத்து எண்பது கோடி வருஷத்துச் சரக்கு. வந்து தொட்டுப் பாரு." வரிசையா வருவாங்க. ஒரு ஊர்ல டீ மாஸ்டர் ஒருத்தர் நூலைப் பிடிச்சவரு கொடுக்கவே மாட்டேன்னுட்டாரு. கண்ணுல தண்ணி அவருக்கு. கடைசியில எல்லாரும் சேர்ந்து ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி விடுவோம். மேல போகும். எல்லாத் தலையும் அண்ணாந்து நிக்கும். அந்த நிமிஷத்துக்காகத்தான் தம்பி நான் லீவு போட்டு, வெயில்ல அலைஞ்சு, சம்பளம் இல்லாம இத்தனை வருஷம் பேசினது. எனக்குக் குழந்தை குட்டி இல்ல. அந்த பலூன்தான்.

அதைத்தான் அவ உடைச்சா.

கண்டக்டர் வர்றாரு, இருங்க. பொன்னமராவதிக்கு ஒண்ணு எடுத்துக்கங்க நீங்க. நான் முன்னாடியே எடுத்துட்டேன். ஆமாப்பா, எடுத்துட்டேன்ல, நீதான குடுத்த. சிரிக்காம போ அங்குட்டு.

அந்த ஆளு எப்பவும் சிரிப்பாரு. கண்டுக்காதீங்க.

புஷ்பம் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. ஆரம்ப சுகாதார நிலையத்துல லேப் டெக்னீசியனா முப்பது வருஷம் ரத்தத்தையும் மூத்திரத்தையும் பாத்தவ. ஒரு நம்பர் மாத்தி எழுதினா ஒரு உசுரு போயிரும்ங்கிறது அவ வேலை. அந்தப் பழக்கம் வீட்லயும் விடல. உப்பு ஒரு ஸ்பூன்னா ஒரு ஸ்பூன்தான், தட்டி விட்டு அளப்பா. என் பேச்சு மொத்தத்தையும் அவதான் நோட்ல எழுதித் தந்தா, நான் சொல்லச் சொல்ல. சொல்லச் சொல்லன்னா, நான் ஒண்ணு சொல்லுவேன், அவ வேற எழுதுவா. எழுதினதைப் படிச்சா நல்லாத்தான் இருக்கும். அதனால நான் ஒண்ணும் சொல்றதில்ல.

ரிட்டயர் ஆனப்புறம் அவளுக்கு நேரம் ஜாஸ்தியாப் போச்சு. போன வருஷம் கேஸ் சிலிண்டர் வாங்கற கடையில போயி, இந்த ஹீலியம் எங்கேருந்துங்க வருதுன்னு கேட்டிருக்கா. பலூனுக்குக் கேஸ் வாங்கப் போனவளுக்கு எதுக்கு இந்தக் கேள்வி? அவன் வெளிநாட்டுல பூமியில துளை போட்டு எடுக்கறாங்கக்கான்னு சொல்லிட்டான். அன்னைக்குப் பிடிச்சுது சனி. நாலு மாசம் புத்தகம், போன், காலேஜ் புரொபசர் ஒருத்தருக்கு லெட்டர். அப்புறம் ஒரு நாள் சாப்பிடுறப்போ சொல்றா, "என்னங்க, நம்ம பலூன்ல இருக்கற ஹீலியம் அந்த ஹீலியம் இல்லைங்க."

என்னடி அந்த ஹீலியம் இந்த ஹீலியம்? ஹீலியத்துல என்ன சாதியா பாக்குறன்னு கேட்டேன்.

அவ சொல்றது என்னன்னா, ஆதியில பொறந்த ஹீலியம் லேசான சரக்காம். பூமியால அதைப் பிடிச்சு வச்சுக்க முடியலையாம். எல்லாம் அப்பவே பறந்து போச்சாம். அடி ஆழத்துல எங்கயோ ஒரு துளி ஒட்டியிருக்கலாம், அது கணக்குல வராதாம். இப்ப சிலிண்டர்ல வர்றது பூமிக்குள்ளேயே பொறந்ததாம். பாறைக்குள்ள யுரேனியம், தோரியம் இருக்குல்ல, அது கோடிக்கணக்கான வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சிதைஞ்சு, சிதையறப்போ ஹீலியத்தைத் துப்புதாம். அது அப்படியே பாறை இடுக்குல சேர்ந்து, இயற்கை எரிவாயு எடுக்கறப்போ கூடவே வருதாம். யுரேனியமே செத்த நட்சத்திரத்துல வந்ததுதான். அப்ப நம்ம பலூன்ல இருக்கறது மூத்தது இல்ல, நட்சத்திரத்துக்குப் பேரப் பிள்ளைங்கிறா.

இதை வீட்ல மூணு தடவை சொன்னேன்ங்கிறா. வீட்ல ஆயிரம் சொல்லுவா தம்பி. மோட்டார் ஆஃப் பண்ணுங்கம்பா, தயிர் வாங்கிட்டு வாங்கம்பா. எல்லாத்தையும் காதுல போட்டுக்க முடியுமா?

கூடவே ஒரு யோசனை வேற. பலூனை விட்ருங்க, ஒரு சொம்புத் தண்ணியைக் காட்டிப் பேசுங்கங்கிறா. தண்ணியில இருக்கற ஹைட்ரஜன்தான் அசல் பழசாம், முதல் நிமிஷங்களோட சரக்கு, அப்படியே இருக்காம். தண்ணியைக் காட்டினா எவன் தம்பி கை தட்டுவான்? தண்ணி மேல போகுமா? நூல் கட்ட முடியுமா? சொம்பைத் தூக்கிக்கிட்டு நின்னா பந்தி விசாரிக்க வந்தவன்னு நினைப்பான். அன்னையிலேருந்துதான் இந்த பாட்டில். நான் எங்க கிளம்பினாலும் பையில ஒரு பாட்டில். குத்திக் காட்டுறது. வேற என்ன?

இங்க பாருங்க, தைல மரக்காடு வந்துருச்சு. சீக்கிரம் வந்துட்டான் இன்னைக்கு. எப்பவும் இவ்வளவு வேகமா ஓட்ட மாட்டான்.

என்ன நடந்துச்சுன்னா, கார்த்திகை மாசம் செங்குளத்துப்பட்டியில பேச்சு. பெண்கள் உயர்நிலைப் பள்ளி. இந்த பஸ் போற வழிதான், ரோட்டு மேலயே கேட்டு. பிரேயர் மைதானத்துல பிள்ளைங்க உக்காந்திருக்கு. நல்லாப் பேசினேன். அன்னைக்கு மாதிரி நான் பேசினதே இல்ல. பலூனைத் தூக்கிட்டேன். அப்ப ரெண்டாவது வரிசையில ஒரு பொண்ணு எந்திரிக்குது. ஒம்பதாங் கிளாஸ். ரெட்டைச் சடை. கனிஷ்கான்னு பேரு. "சார், ஹீலியம் லேசுன்னா மேல போயிரும். மேல போனா திரும்பி வராதுன்னு நீங்களே சொன்னீங்க. அப்ப இத்தனை கோடி வருஷம் அது எப்படி சார் போகாம இங்கயே இருந்துச்சு?"

நீங்களே சொல்லுங்க தம்பி. பலூனைக் கையில தூக்கிட்டு நிக்கிற மனுசன்கிட்ட கேக்குற கேள்வியா இது? முன்னூறு பிள்ளைங்க பாக்குது. ஹெட்மிஸ்ட்ரஸ் பாக்குது. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்தக் கேள்விக்கு வீட்ல கேட்ட பதில் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. அதைச் சொன்னா என்னத்துக்கு ஆகும்? கையில பலூன் இருக்கே! அதனால சும்மா தமாஷா சொன்னேன், "முதல்ல பாடப் புத்தகத்தை ஒழுங்காப் படிம்மா. உக்காரு." பிள்ளைங்க எல்லாம் சிரிச்சுது. அந்தப் பொண்ணும் உக்காந்துருச்சு. அதோட முடிஞ்சுது. முடிஞ்சிருக்கணும்.

பின்னாடி நூல் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா புஷ்பம். நூலை அங்க இருந்த பெஞ்சுல கட்டினா. மெதுவா, ரெண்டு முடிச்சுப் போட்டு. வந்து என் கையிலேருந்து மைக்கை வாங்கினா. "அந்தப் பொண்ணு கேட்டது சரி. சார் சொன்னது தப்பு. எப்படி தப்புன்னு நான் சொல்றேன்"ன்னு ஆரம்பிச்சா.

சார் சொன்னது தப்பு! கட்டின புருசனைத் தம்பி. மேடையில.

ஆம்ப்ளிபையர் வேற சூடாயிருந்துச்சு. ரொம்ப நேரமா ஓடுதுல்ல. போர்மேனா இருந்தவனுக்குத் தெரியும் எப்ப அணைக்கணும்னு. அணைச்சேன். அவ பேச்சை நிறுத்தணும்னு அணைச்சேன்னு எங்க மன்றத்து தாமஸ் சொல்லிக்கிட்டு அலையறான். அந்த ஆளுக்கு என் மேல பழைய காந்தல்.

அணைச்சதுக்கும் அவ நிக்கல. மைக்கைக் கீழ வச்சிட்டு வெறும் குரல்ல சொன்னா. பின்னாடி இருந்த பிள்ளைங்களுக்குக் கேட்டிருக்காது. முன்னாடி ரெண்டு வரிசைக்குக் கேட்டிருக்கும். ஆனா அந்தப் பொண்ணு நிமிரவே இல்ல. குனிஞ்சு தரையில விரலால என்னமோ கிறுக்கிக்கிட்டே இருந்துச்சு. கேட்டுச்சோ கேக்கலையோ.

அன்னைக்கு ஜீப்புல வர்றப்போ அவ பேசல. வீட்டுக்கு வந்து சமைச்சா, சாப்பாடு போட்டா. பேசல. மறுநாள் காலையில ஒரே ஒரு வார்த்தை. "அந்தப் பொண்ணுகிட்டப் போயி சொல்லிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்." அவ்வளவுதான். மூணு மாசம் ஆகுது தம்பி. கேட்டா ம்ங்கிறா, ம்ஹூம்ங்கிறா. கரண்ட் பில் கட்டியாச்சான்னு ஒரு துண்டுச் சீட்டு. முப்பத்தி மூணு வருஷம் என் காது பக்கத்துல ஓயாம கேட்ட குரல். இப்ப அவ குரலைக் கேக்கணும்னா அவ போன்ல தங்கச்சிகிட்டப் பேசுறப்போ கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேக்க வேண்டியிருக்கு. வெக்கமா இருக்கு சொல்ல.

சொல்லிட்டு வர்றதுல என்ன கஷ்டம்ங்கிறீங்களா? சுலபமாக் கேட்டுட்டீங்க. எங்க மன்றத்துல ஒரு விதி இருக்கு. தப்பான சேதி சொன்னவன், சொன்ன ஊருக்கே திரும்பப் போயி, அதே இடத்துல நின்னு, தப்புன்னு சொல்லித் திருத்திட்டு வரணும். வேற எந்தச் சங்கத்துலயும் இப்படி ஒரு விதி இருக்காது. யாரு கொண்டு வந்தது? நான்தான்! பன்னிரண்டு வருஷம் முன்னாடி தாமஸ் ஒரு ஊர்ல செவ்வாய்க்கு மூணு நிலான்னு உளறிட்டான். ரெண்டுதான். செயற்குழுவுல எந்திரிச்சு மேசையைத் தட்டினேன், அறிவியல் பேசுறவன் வாயில ஒரு நிலா கூடலாமான்னு. அதே ஊருக்கு அவனை அனுப்பினேன். மழையில சைக்கிள்ல போனான். போயி டீக்கடை வாசல்ல நின்னு, ஐயா மன்னிச்சுக்கங்க, ரெண்டு நிலாதான், நான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லியிருக்கான். திரும்பி வர்றப்போ ஒரு மூட்டை வேர்க்கடலை. ஊர்க்காரங்க கட்டிக் குடுத்தாங்களாம். இன்னைக்கும் அந்த ஊர்ல கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் அவனுக்குத்தான் பத்திரிகை வருது. எனக்கு எந்த ஊர்லேருந்தாவது ஒரு பத்திரிகை வந்திருக்கா? இல்ல. நான் ஒரு தப்பும் சொல்லாத ஆளு.

இப்ப அந்த விதிப்படி நான் எத்தனை ஊருக்குப் போகணும் தெரியுமா? இந்த நோட்டைப் பாருங்க. ஊர், தேதி, எத்தனை பேர் வந்தாங்க, எல்லாம் இருக்கு. நானூத்திப் பன்னெண்டு ஊர். நானூத்திப் பன்னெண்டு! எல்லா ஊர்லயும் இதே பலூன், இதே வசனம். வாரத்துக்கு ஒரு ஊர்னு போனாலும் எட்டு வருஷம் ஆகும். எனக்கு அறுபத்தி ஒண்ணு. முழங்கால் தேய்ஞ்சிருக்கு. அதுல பாதி ஸ்கூலை மூடிட்டான். பிள்ளைங்க எல்லாம் உங்களை மாதிரி கல்யாணம் பண்ணிட்டுத் திருப்பூர், துபாய்னு போயாச்சு. யாருகிட்டப் போயி எதைத் திருத்துறது? நடக்கற காரியமா? இதைத்தான் அவகிட்டக் கேட்டேன். நானூத்திப் பன்னெண்டு ஊருக்கு எப்படிடி போறதுன்னு.

அவ நோட்டைப் புரட்டி, கடைசிப் பக்கத்துல செங்குளத்துப்பட்டிங்கிற இடத்துல விரலை வச்சா. பேசல. விரலை மட்டும் வச்சா.

ஒரு ஊர் போதுங்கிறா. ஏன்னுதான் எனக்குப் புரியல. தப்பு எல்லா ஊர்லயும் ஒரே தப்புதான? ஹீலியம் தப்புன்னா நானூத்திப் பன்னெண்டு ஊர்லயும் தப்பு. இந்த ஒரு ஊர்ல மட்டும் நான் அப்படி என்ன பெருசாப் பண்ணிட்டேன்?

எங்க பாக்குறீங்க? என் சட்டைப் பையையா? ஆமா. டிக்கெட்டுதான்.

செங்குளத்துப்பட்டி டிக்கெட்டுதான். சரி, பாத்துட்டீங்க. பொன்னமராவதியில எனக்கு ஒரு வேலையும் இல்ல. இது நாலாவது வியாழக்கிழமை தம்பி. ஒவ்வொரு வியாழக்கிழமையும் செங்குளத்துப்பட்டிக்கு டிக்கெட் எடுக்கறேன். பதினோரு மணி, இண்டர்வெல் நேரம், பஸ் கரெக்டா அந்தக் கேட்டு முன்னாடி நிக்குது. எந்திரிக்கத்தான் முடியல. பஸ் கிளம்பிரும். கண்டக்டர் வந்து பொன்னமராவதிக்கு இன்னொரு டிக்கெட் கிழிப்பாரு. அங்க இறங்கி ஒரு டீ, அடுத்த பஸ்ல வீடு. அதான் அந்த ஆளு சிரிக்கிறாரு. புஷ்பத்துக்கும் தெரியும். சட்டை துவைக்கறப்போ பையில ரெண்டு டிக்கெட்டும் இருக்கும்ல. ஒரு வார்த்தை கேக்கல. காய வச்சு டி.வி. மேல வச்சிருந்தா.

போன வாரம் அந்தப் பொண்ணைப் பாத்தேன். கேட்டு ஓரத்துல கொய்யாக்கா வாங்கிக்கிட்டு நின்னுச்சு. நிமிந்து பஸ்ஸைப் பாத்துச்சு. நான் துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைக்கிற மாதிரி மூடிக்கிட்டேன். அறுபத்தி ஒரு வயசு. பதினோராயிரம் வோல்ட் போற லைன்ல ஏறி வேலை பாத்தவன். சரி, லைனை ஆஃப் பண்ணிட்டுத்தான். இருந்தாலும்.

என்ன? யாரு பேரு?

அந்த வாத்தியார் பேரா? ஞானப்பிரகாசம்னு சொன்னேனே. எதுக்கு இப்ப அவரு? ஆமா, எட்டாங் கிளாஸ். வெள்ளைச் சட்டை, ரெண்டு பேனா. ஆமா, நாப்பத்தி எட்டு வருஷம் ஆச்சு. ஆமா, நல்லா ஞாபகம் இருக்கு. அவரு சொன்னது, கிளாஸ் சிரிச்சது, என் பக்கத்துல உக்காந்திருந்தவன் சிரிக்கிறப்போ தெரிஞ்ச ஓட்டைப் பல்லு வரைக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன தம்பி...

இருங்க.

அது வேற தம்பி. அவரு திமிருல சொன்னது. நான் தமாஷுக்குத்தான்...

அவரும் தமாஷுக்குத்தான் சொன்னாரோ என்னமோ.

கொஞ்சம் ஜன்னலைத் திறங்க. புழுங்குது.

பாடப் புத்தகத்தை ஒழுங்காப் படிம்மான்னேன். கூட்டல் கழித்தலை ஒழுங்காப் போடுன்னாரு. அடக் கடவுளே. அப்ப அந்தப் பொண்ணுக்கும் என் சட்டை ஞாபகம் இருக்கும்ங்கிறீங்களா? அன்னைக்கு நான் போட்டிருந்தது நீலக் கட்டம். அறுபது வயசுல ஏதோ ஒரு பஸ்ல உக்காந்து, அடைக்கலம்னு ஒரு ஆளு, நீலக் கட்டம் போட்ட சட்டைன்னு அது யாருகிட்டயோ சொல்லிக்கிட்டு வருமா?

இதைத்தான் அவ விரலை வச்சுக் காட்டினாளா? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? மூணு மாசமா ஹீலியம், ஹீலியம்னு நான் மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன். சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன், அது வேற விஷயம்.

எனக்குக் கோவமா வருது தம்பி. யாரு மேலன்னு தெரியல. உங்க மேலயும் வருது, தப்பா நினைக்காதீங்க. நாலு மாசத்துக் கல்யாணத்துக்காரரு நீங்க, ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு இப்ப அந்தப் பக்கம் பாக்குறீங்க.



வந்துருச்சு. அந்தத் தண்ணித் தொட்டிக்கு அடுத்தது கேட்டு. என்னப்பா கண்டக்டரு, என்ன வேணும் உனக்கு? "பலூன் சார், இன்னைக்கும் பொன்னமராவதிதானா, இப்பவே கிழிச்சிரவா"ன்னா கேக்குற? எல்லாரும் கேக்குற மாதிரி கத்து. கிழிக்காத. டிக்கெட்டை உள்ள வையி. விசில் அடி, விசில் அடிப்பா, இறங்கணும்.

நகருங்க தம்பி, காலை இடிச்சிட்டேனா? முழங்கால் பிடிச்சுக்கிச்சு, அந்தக் கம்பியை விடுங்க, நான் பிடிச்சுக்கிறேன். சரி, இறங்கிக்கிறேன். உங்ககிட்டயும் சொல்லணும்ல, விதின்னா விதிதான். அஞ்சாங் கிளாஸ்ல நீங்க பிடிச்சது உலகம் பொறந்த மூணாவது நிமிஷம் இல்ல. அது பாறைக்குள்ள பிற்பாடு பொறந்தது. நான் தப்பாச் சொல்லிட்டேன். நோட்டுல உங்க ஊரை அடிச்சாச்சு, மிச்சம் நானூத்திப் பதினொண்ணு. உங்க வீட்லயும் சொல்லிருங்க. அவங்க ஏதாவது திருத்தினா உக்காருன்னு மட்டும் சொல்லிராதீங்க.

ஏம்ப்பா, கிளப்பாத! ஒரு காலு இன்னும் படியில இருக்கு!

அந்தா நிக்குது பாருங்க, ரெட்டைச் சடை, கொய்யாக்காக்காரி பக்கத்துல. என்னைப் பாத்துருச்சு. நிமிந்து பாக்குது தம்பி.

ஐயோ, பை! பையை விட்டுட்டேன். நோட்டு கிடக்கட்டும், துண்டு கிடக்கட்டும், அதை நீங்க டிரைவர்கிட்டக் குடுத்துருங்க, நான் வாங்கிக்கிறேன். அந்தத் தண்ணி பாட்டிலை மட்டும் ஜன்னல் வழியா நீட்டுங்க. சீக்கிரம் நீட்டுங்க தம்பி, அது இல்லாம நான் அந்தப் பொண்ணுகிட்ட எதைக் காட்டிப் பேசுறது?